மீனுக்கு விழுந்த பூஜ்யம்

என் தம்பி பாக்கியராஜைக் கண்மாய்ச் சேற்றில் வைத்து வெட்டினார்கள். வெட்டியது வெளியூர்க்காரர்கள். காரணம் பூஜ்யம். மதிப்பெண்ணில் வரும் பூஜ்யத்தைத்தான் சொல்கிறேன். ஒரு பூஜ்யத்துக்கு ஆள் சாவானா என்று கேட்பவர்கள் எங்கள் ஊராட்சித் தலைவர் நல்லுசாமியைப் பார்த்ததில்லை.

திண்டுக்கல்லில் இருக்கும் ஒரு நிறுவனம் வட்டாரத்தின் எல்லா ஊராட்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி, பொதுப்பணத்தை எவன் ஒழுங்காகக் கையாள்கிறான் என்று மதிப்பெண் போட்டது. வரி வசூல், தணிக்கை, செலவு, சொந்த வருவாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண். பேகம்பூரிலிருந்து பர்ஹானா என்ற பெண் ஸ்கூட்டரில் வந்து விசாரித்துவிட்டுப் போனாள். பட்டியல் வந்தபோது எங்கள் ஊர் கடைசி வரிசையில் கிடந்தது. வரியை நாங்கள் ஒழுங்காகத்தான் கட்டுகிறோம். கவிழ்த்தது கண்மாய். சொந்த வருவாயில் கண்மாய் மீனுக்குப் பூஜ்யம் விழுந்திருந்தது.

எங்கள் கண்மாய் மீனை விற்பதில்லை. தண்ணீர் வற்றியதும் கருப்பசாமிக்குப் பொங்கல் வைத்து, பெரியவர் ஒருவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊரே இறங்கும். அடி திறந்த மூங்கில் கூடையான ஊத்தாவைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கையை விட்டு மீனைப் பிடிப்போம். பக்கத்து ஊர்க்காரர்களும் வரலாம். அன்றைக்கு எந்த வீட்டிலும் சோற்றுக்கு வேறு வெஞ்சனம் கிடையாது. பிடித்ததை ஒருத்தரும் விற்கக் கூடாது.

பக்கத்து ஊராட்சி தன் கண்மாயை ஏலம் விட்டு முதல் வரிசைக்குப் போயிருந்தது. ஒன்றிய அலுவலகக் கூட்டத்தில் அந்த ஊர்த் தலைவர், "என்ன நல்லுசாமி, மீன் முள்ளு தொண்டையில சிக்கிருச்சா?" என்று கேட்க, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இந்த மனிதருக்கு அஜீரணமாகிவிட்டது. அந்த வருஷமே கண்மாயை ஒரு குத்தகைக்காரனுக்கு ஏலம் விட்டார். ஊரைக் கேட்கவில்லை. கேட்டால் செருப்படி விழும் என்று தெரியும்.

தண்ணீர் வற்றியது. விடியும்போதே கரையில் ஜனம் ஊத்தாவோடு நின்றது. எதிர்க்கரையில் குத்தகைக்காரனின் ஆட்கள் இரும்புக் குழாயும் அரிவாளுமாக நின்றார்கள். துண்டு வீச வேண்டிய பெரியவர் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்.

"வாடா வீட்டுக்கு. மீனு இல்லாட்டி செத்தா போயிருவோம்?" என்று பாக்கியராஜின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுக்கா. நம்ம கண்மாயிக்குள்ள இறங்க எவன்ட்ட கேக்கணும்?"

அவன்தான் துண்டை வீசினான். அவன்தான் முதலில் இறங்கினான். முழங்கால் சேற்றில் ஓட முடியாது. முதல் குழாய் முதுகில் விழுந்தது. திரும்பினான். அரிவாள் கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் இறங்கியது. ஊத்தாவைக் கேடயம்போல் தூக்கினான், அதோடு சேர்த்து விரல்களும் போயின. ஜனம் கல்லை எடுத்தது. ஒருவனின் மண்டை பிளந்து மூளை தெரிந்ததைப் பார்த்தேன். நான் ஒருவன் காதைக் கடித்துத் துப்பினேன். அந்த ருசி இன்னும் வாயில் இருக்கிறது, அதற்காக நான் வருத்தப்படவில்லை. தம்பியைத் தூக்கியபோது அவன் வாய் நிறையச் சேறு இருந்தது.

வெட்டினவர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். குத்தகைக்காரன் தலைமறைவு. நல்லுசாமி குடும்பத்தோடு திருப்பூருக்கு ஓடிவிட்டார். ஊரின் ஆத்திரத்துக்கு ஆள் வேண்டுமே. மிச்சமிருந்தது ஊராட்சிச் செயலர் முகேஷ்குமார். குத்தகைக்காரனிடம் காசு வாங்கிக்கொண்டு மீனுக்குப் பூஜ்யம் போடச் சொன்னது அவன்தான் என்று பேச்சு கிளம்பியது. கண்மாய்க் கரையில் என் தம்பிக்குக் கல் நட்டு, மாலை போட்டுக் கும்பிடத் தொடங்கியிருந்தார்கள். சாமியானவனுக்குப் பலி இல்லாமல் எப்படி?

பர்ஹானா துக்கம் கேட்க வந்த காலையில் நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவளை ஓங்கி அறைந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"அடிங்கக்கா. ஆனா ஒண்ணு சொல்லணும். பொதுவுக்குன்னு விட்ட கண்மாய்க்கு நாங்க மார்க்கே போட மாட்டோம். அதைக் கணக்குல சேக்காம விட்ருவோம். ஏலம் விட்டும் காசு வராத ஊருக்குத்தான் பூஜ்யம்."

"அப்ப ஏன் எங்களுக்குப் போட்ட?"

"நான் விசாரிக்க வந்த அன்னைக்குச் செயலர் ஆபீஸ்ல இல்ல. தண்ணித் தொட்டி மோட்டார் போடுற அண்ணன்தான் இருந்தாரு. ஏலம் விட்டீங்களா, பொதுவா விட்டீங்களான்னு கேட்டேன். அதெல்லாம் எதுக்கு மேடம், மீனுக்குக் காசு வாங்குற ஈனப் பொழப்பு எங்க ஊருக்குக் கெடையாது, பூஜ்யம்னு நல்லாப் பெருசா எழுதுங்கன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. நானும் மறுபடி கேக்காம எழுதிட்டேன்."

மோட்டார் போடுகிறவன் என் தம்பி. பூஜ்யத்தை அவன் ஊருக்குச் சூட்டிய பட்டமாக நினைத்திருக்கிறான். பாவி, அதைச் சொல்லும்போது மீசையைக்கூட முறுக்கியிருப்பான்.

அப்போதுதான் ஊருக்குள்ளிருந்து அலறல் கேட்டது. ஓடினோம். அலுவலகத்து வாசலில் மின்கம்பத்தோடு முகேஷ்குமாரைக் கட்டியிருந்தார்கள். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே வேறு திசையில் திரும்பிக் கிடந்தது. முகமெல்லாம் ரத்தம். "நான் எழுதல, நான் எழுதல" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு சொல் இல்லை. என் அம்மா ஒச்சாயி கையில் செங்கல்லோடு முன்னால் நின்றாள். சித்தப்பா அரிவாளை எடுத்துவிட்டார்.

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. முகேஷ்குமார் செத்துப்போவான், தம்பி சாமியாகவே இருப்பான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எண்ணம் எனக்குத் தித்திப்பாக இருந்தது. ஆனால் கம்பத்தில் தொங்கிய முகம் சேற்றிலிருந்து தூக்கிய முகம்போலவே இருந்தது.

சித்தப்பாவுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றேன். "இவன் இல்ல. பூஜ்யம்னு எழுதச் சொன்னது நம்ம பாக்கியராஜு" என்றேன்.

பர்ஹானா என் பக்கத்தில் வந்து, தான் கேட்டதையும் அவன் சொன்னதையும் அப்படியே சொன்னாள். அந்தப் பேச்சு அவனுடையதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஊரில் வேறு யார் அப்படிப் பேசுவார்கள்? சித்தப்பாவின் அரிவாள் மெல்ல இறங்கியது. இரண்டு பேர் முடிச்சை அவிழ்த்து, முகேஷ்குமாரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அம்மா என் பக்கம் வந்தாள். செங்கல்லால் வாயில் அடித்தாள். பல் உடைந்து நாக்கில் விழுந்தது.

"இன்னொருக்கா சொல்லு, எம்புள்ளையச் சொல்லு."

நான் பல்லைத் துப்பிவிட்டு இன்னொரு தடவை சொன்னேன். அவள் மறுபடியும் கல்லை ஓங்கினாள்.