கடன் இருக்கும்வரை

இந்த ஒரு வருஷமாக எங்கள் கடன் குழுவில் தவணையைத் தள்ளிப்போடாத ஒரே ஆள் நான்தான். திங்கட்கிழமை வசூலுக்கு வரும் பரத் வண்டியை நிறுத்துவதற்குள் பணத்தோடு போய் நிற்பேன். மற்ற நான்கு பெண்களும் முகத்தைச் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

படகுக்கு எஞ்சின் வாங்கத்தான் என் பெயரில் அந்தக் கடனை எடுத்தோம். படகை ஓட்டியது என் வீட்டுக்காரர் முரளி. எங்கள் ஏரியில் இறாலுக்கு வலை கட்ட முறை உண்டு, பாடு என்போம். யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். போன வருஷம் அவருக்கு நல்ல இடமாக விழுந்தது. அதை நம்பி, "ரெண்டு தவணைய சேத்துக் கட்டிடறேன்க்கா" என்று குழுத்தலைவி திரௌபதி அக்காவிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் பாடு வந்த நேரம் பார்த்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டது. கடல் தண்ணீர் உள்ளே வராமல் இறால் எங்கிருந்து வரும்? வலையில் பாசிதான் இருந்தது.

ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்பது குழுவின் சட்டம். நால்வரும் வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. முரளி உள்ளே சுவரைப் பார்த்தபடி நின்றார். கடைசியில் என் கம்மலைக் கழற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளே துணிப்பையோடு கிளம்பிவிட்டார். மங்களூரில் விசைப்படகு வேலை.

"இன்னாய்யா, இதுக்குப் போயி ஊர உட்டுப் போவாங்களா?"

"கடன் மொத்தமும் அடையட்டும் ஜமுனா. அப்பறந்தான் இந்தத் தெருவுல கால வெப்பேன்."

அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவர் அனுப்பியது கொஞ்சம். நான் பொன்னேரி சந்தையில் நண்டு விற்றது மீதி. சில வாரம் இரண்டு தவணைகூடக் கட்டினேன். பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டால் கை வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். முன்பெல்லாம் அவர் குறட்டைக்காகத் திட்டாத நாளில்லை. அந்தக் குறட்டைக்கே ஏங்கிக் கிடந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், "லோன் முடிஞ்சதும் வந்துருவாரு" என்பேன்.

பரத் ஒருநாள் கேட்டான்: "அக்கா, வீட்டுக்காரர் வெளியூர் போயிட்டா நெறைய பேரு கட்டறதில்ல. நீங்க மட்டும் எப்படிக்கா?"

"யாவாரம் நல்லா போவுது தம்பி."

வேறு என்னத்தைச் சொல்வது? புருஷன் மேல் ஆசை என்று அந்தப் பிள்ளையிடம் சொல்ல முடியுமா?

போன மாதம் கடைசித் தவணையைக் கட்டினேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே போன் போட்டேன். அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல்.

"கடன் முடிஞ்சுபோச்சுய்யா!"

"நல்லதாப் போச்சு" என்றார். "இங்க சீசன் இப்பத்தான் சூடு புடிக்குது. ஓனரு உட மாட்டாரு. பாக்கலாம்."

"எப்ப?"

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

வைத்துவிட்டார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு தெருவிலேயே நின்றேன். கோபம்கூட வரவில்லை. கடன் இருந்தவரை அவர் வராததற்கு ஒரு காரணம் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதையும் நானே அடைத்துத் தொலைத்துவிட்டேன். இனி யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? ராத்திரி எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வேன்?

அடுத்த திங்கட்கிழமை மறுபடி கூட்டத்துக்குப் போனேன். புதுக் கடன் வேண்டும் என்றதும் திரௌபதி அக்கா, "ஒன்ன மாதிரி கட்டறவளுக்கு நான் கண்ண மூடிக்கினு கையெழுத்து போடுவேன்டி" என்று சிரித்தாள்.

பரத் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்பத்தானேக்கா முடிச்சீங்க? சரி, ஒரு வருஷத்துலயும் இருக்கு, ரெண்டு வருஷத்துலயும் இருக்கு. ஒரு வருஷத்துதையே எடுங்க. வட்டி கொறையும்."

"வட்டி கெடக்குது" என்றேன். "எது ரொம்ப நாள் ஓடுமோ அதப் போடு தம்பி."