மாடியில் ஓடிய போலிக் கம்பி

இருபது வருடமாகச் சுவருக்குள் கம்பி இழுக்கிறேன். எனக்குத் தெரிந்து மூன்று ரகம்தான். சுத்தச் செம்பு: விலை கூடுதல், நாணயமானது. கண்ணாடி இழை: வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் புது மாப்பிள்ளை போலக் கொஞ்சம் வளைத்தாலே முறுக்கிக்கொள்ளும், கரண்டும் கொண்டுபோகாது. மூன்றாவது, அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய போலி. அதை என் வண்டியில் ஏற்றக்கூட விட்டதில்லை. என் கூட்டாளி லைல் டோலஃப்சனுக்கு இது நன்றாகத் தெரியும்.

டுலூத் நகரில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் முதியோர் இல்லத்துக்கு, சென்ற குளிர்காலத்தில் நாங்கள்தான் கம்பி போட்டோம். கட்டிலுக்குக் கட்டில் ஓர் அழைப்பு மணி. சேதி போவதும் அதை ஓட்டுகிற கரண்டு போவதும் ஒரே கம்பியில். கீழ்த்தளத்தை நான் முடித்தேன். முட்டி ஆபரேஷனுக்கு நான் போய்ப் படுத்ததும், மாடியை லைல் தனியாக முடித்தான்.

போன வாரம் மாடியில் ஒரு பெரியவர் விழுந்து, பொத்தானை அழுத்தியபடியே முக்கால் மணி நேரம் கிடந்திருக்கிறார். மணி அடிக்கவேயில்லை என்றாள் பணிப்பெண் ரெனே போலியூ. நிர்வாகி பெர்னடெட் எனக்குப் போன் செய்தார்.

"எங்க கம்பில கோளாறே வராது மேடம். சோதிச்ச அறிக்கை அங்கயே இருக்கு, பாருங்க" என்று பெருமையடித்தேன்.

அந்த ஒரு வார்த்தையில் ரெனேயைப் பொய்க்காரி என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று பத்து மணிக்கு விசாரணை. அதோடு அவள் வேலை போய்விடும்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒன்பது மணிக்கே போய், மாடிக் கம்பிகளெல்லாம் வந்து சேரும் பெட்டியைத் திறந்தேன். கம்பிக் கட்டு காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுட்டது. ஒரு நுனியை உரித்துக் கத்தியால் சுரண்டினேன். சிவப்பு போய் வெள்ளை தெரிந்தது. அலுமினியம். இத்தனை மணிக்கும் கரண்டைச் சுமக்க அதற்குத் திராணியில்லை, வழியிலேயே சூடாகித் தின்றுவிடும். பெட்டிக்குள் செருகியிருந்த அறிக்கையில் என் கையெழுத்து. தேதி, நான் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்த நாள்.

லைலை வரச் சொன்னேன். இரண்டு காப்பியோடு சிரித்துக்கொண்டே வந்தான்.

"என்ன மகராசி, காலங்காத்தால மூஞ்சி இப்படி இருக்கு?"

கம்பியை நீட்டினேன். சிரிப்பு நின்றது.

"செம்பு வர மூணு வாரமாகும்னாங்க. வேலை கைய விட்டுப் போயிருக்கும்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்டே."

"சரி. என் கையெழுத்த எதுக்குப் போட்ட?"

காப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "என் பேரு இருந்தா திறந்து பாப்பாங்க. உன் பேருன்னா யாரும் பாக்க மாட்டாங்க."

நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பார்கள். இவன் என் நல்ல பெயரையே கத்தியாக எடுத்து அறுத்திருக்கிறான். அழுகை வரவில்லை, அறையத்தான் கை எழுந்தது.

"ஈரம் இறங்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம் மார்லிஸ். இந்த வாரத்துக்குள்ள மாத்திடறேன். அந்தப் பொண்ணுக்கு வேற வேலை கிடைக்காமலா போயிடும்?"

"வண்டிச் சாவிய வச்சிட்டுப் போ" என்றேன்.

கீழே பெர்னடெட் அறையில் ரெனே கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மணி அடிக்கலைன்னு இவங்க சொன்னது நெசம். மாடி முழுக்கப் போலிக் கம்பி. அறிக்கையில இருக்கற கையெழுத்து நான் போட்டதில்ல. என் கூட்டாளி என்னை ஏமாத்திட்டான்."

ரெனே நன்றி சொல்லவில்லை.

"அவரு உங்கள ஏமாத்தினாரு, சரி" என்றாள். "போன்ல என்னைப் பொய்க்காரி ஆக்கினது நீங்கதானே? இத தெறந்து பாக்க எவ்வளவு நேரமாச்சு உங்களுக்கு?"

"ரெண்டு நிமிஷம்" என்றேன்.