கத்தரியை யாரெல்லாம் பார்த்தார்கள்?

1

இந்தக் கதையை நான் கண்டுபிடிக்கவில்லை, கேட்டு எடுத்துக்கொண்டேன். அதுவும், கண்டுபிடித்தவர் யார், எடுத்துக்கொண்டவர் யார் என்று வாதாடியே பிழைக்கும் ஒருத்தியிடமிருந்து எடுத்தேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுவது எனக்குப் பாதுகாப்பு.

அவள் பெயர் சண்முகவடிவு. மலையகத்துத் தேயிலைத் தோட்டமான டயகமவில் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவள். இன்று கொழும்பில் சட்டத்தரணி. ஒரு பொருளை முதலில் செய்தவருக்கு அதன்மேல் சட்டம் கொடுக்கும் உரிமைக்கு ஆக்கவுரிமை என்று பெயர். அதற்காக நடக்கும் சண்டைகளில் அவளைக் கண்டால் பெரிய பெரிய கம்பனிகளே சமாதானம் பேச வந்துவிடும்.

போன மாதம் நாங்கள் வந்த ரயில் ஹட்டனுக்கு முன்னால் நின்றுவிட்டது. எஞ்சினுக்கு என்னவோ கோளாறு. அந்த இடைவெளியில்தான் இதைச் சொன்னாள்.

"எழுதட்டுமா?" என்றேன்.

"எழுது. ஆனா என்னைய சாமியாக்கிறாத."

முயற்சி செய்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது.

2

பனி விலகாத டயகம மலைச்சரிவில் ஒரு

(வேண்டாம். மலையகக் கதை என்றாலே பனியில் தொடங்குவது எங்களுக்கு ஒரு வியாதி.)

தொழிற்சாலை ஃபிட்டர் மாயாண்டி அடக்கமே உருவானவர். தன் திறமை தனக்கே தெரியாத

(இதுவும் வேண்டாம். இந்த வரியைப் போனில் வடிவிடம் வாசித்தேன். "யாரு அந்த ஆளு? எனக்குத் தெரியலையே" என்று சிரித்தாள்.)

நிஜ மாயாண்டி, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் இறங்கும்வரை தன் கெட்டிக்காரத்தனத்தைப் பேசுகிறவர். பேசலாம்தான், சரக்கு இருந்தது. தேயிலைக் கொழுந்து வெட்டும் கத்தரியின் பாரம் பெண்களின் மணிக்கட்டைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பாரத்தை இடுப்பில் தாங்க ஒரு பட்டியும், வெட்டியதும் கத்தரி தானாக விரிய ஒரு வில்லும் சேர்த்துப் புதுக் கத்தரி செய்தார்.

செய்த வருடம் ஆயுத பூசைக்கு அதைக் கோயிலில் வைத்தார். எங்கள் தோட்டத்தில் புதுச் சாமான் எதுவும் அம்மன் பார்க்காமல் வேலைக்கு இறங்காது. தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்துக்கூடை எல்லாம் அன்றைக்குச் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். மற்றவர்கள் சாமானை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாயாண்டி போகவில்லை. பகல் முழுக்கப் பக்கத்திலேயே நின்று, வந்தவர் இடுப்பிலெல்லாம் பட்டியைக் கட்டி, வெட்டிக் காட்டி, விளக்கமும் சொன்னார். அவல் வாங்கக் கை நீட்டிய, தோட்டச் சாமான் செய்து விற்கும் ஒரு கம்பனிக்காரருக்கும்தான்.

இரண்டு வருடம் கழித்து அந்தக் கம்பனி அதே கத்தரிக்கு ஆக்கவுரிமை எடுத்தது. பிறகு, எங்கள் கத்தரியை இவர் களவாகச் செய்கிறார் என்று மாயாண்டிமேல் வழக்கும் போட்டது.

3

வடிவின் வேலை முறையைச் சொல்ல வேண்டும். ஒரு பொருளைக் கையால் பிடித்து வேலை செய்து பார்க்காமல் வழக்குத் தாள்களை அவள் தொடமாட்டாள். பிஸ்கட் மெஷின் வழக்கென்றால் மாவு பிசைவாள். இந்த வழக்குக்குக் கொழும்பிலிருந்து வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலையில் இறங்கி, பழைய கத்தரியாலும் புதுக் கத்தரியாலும் மாறி மாறிக் கொழுந்து வெட்டினாள். சாயங்காலம் தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது பழைய கத்தரி பிடித்த வலி தெரிந்ததாம். மறுநாள்தான் தாள்களைத் திறந்தாள். எனக்கு இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவளைக் கும்பிடத் தோன்றுகிறது.*

* சாமியாக்கவில்லை. கும்பிடத் தோன்றுகிறது என்றுதான் சொன்னேன்.

பிறகு பட்டறைக்குப் போய் மாயாண்டியிடம் விசயத்தை உடைத்தாள்.

"அண்ணே, பூசையில ஊருக்கே காட்டிட்டீங்க. காட்டின ஒரு வருசத்துக்குள்ள ஒங்க பேர்ல பதிஞ்சிருந்தா சரி. பதியல."

"அப்ப அவனுக்கா போகும்?"

"போகாது. அவங்க பதியறதுக்கு முன்னாடியே ஊரு பார்த்துருச்சுன்னு காட்டினா அவங்க உரிம செல்லாது. ஆனா ஒங்களுக்கும் கெடைக்காது. யார் வேணும்னாலும் செய்யலாம்."

இறம்பொடையிலும் நோட்டன் பிரிட்ஜிலும் மாயாண்டியைப் பார்த்துக் கத்தரி செய்யும் பட்டறைகள் இருந்தன. அவை பிழைக்கும். பெண்களின் மணிக்கட்டும் பிழைக்கும். மாயாண்டியின் பெயர் மட்டும் எந்த உரிமையிலும் இருக்காது.

மாயாண்டி அடுப்பை ஊதுவதை நிறுத்தினார். "கத்தரிய மஞ்சத்துணி போத்தி வச்சிருந்தேன், யாரும் பார்க்கலேன்னு சொல்றேன். அந்தாளு பட்டறைக்கு வந்து களவா பார்த்துட்டுப் போனான்னு சொல்றேன். அப்ப எனக்குத்தானே, வடிவு?"

நியாயமான சந்தேகம். ஊர் பார்க்கவில்லை, கம்பனி களவெடுத்தது என்று கோர்ட்டு நம்பினால், கம்பனி எடுத்த உரிமை நிஜமாகவே அவர் பெயருக்கு மாறக்கூடும்.

இங்கேதான் எனக்கு வடிவைப் புரிந்துகொள்ளச் சிரமமாக இருந்தது. இத்தனை வருடமாக சோப்புக்காரர்களின் பெயரையும் பிஸ்கட்காரர்களின் பெயரையும் காப்பாற்றியவள். ஒரே ஒரு உரிமைப் பத்திரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஆள் ஒருவரின் பெயரைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அது இதோ கைக்கெட்டும் தூரத்தில். அவள் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

வாயைத் திறந்தாள்.

"பொய் சொல்ற ஆள நான் கூண்டுல ஏத்தமாட்டேன்ணே. எனக்கும் ஒங்க பேரப் பார்க்கணும்னுதான் இருக்கு."

மாயாண்டி மறுபடியும் அடுப்பை ஊதத் தொடங்கினார். கடைசியில், "சரி, உள்ளதச் சொல்றேன்" என்றார்.

4

விசாரணை கொழும்பில். தோட்டத்துப் பெண்கள் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு வேன் பிடித்து வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பூசையன்று அந்தப் பட்டியை இடுப்பில் கட்டிப் பார்த்தவர்கள். மாயாண்டி இஸ்திரி போட்ட சட்டையோடு கூண்டில் ஏறினார். சத்தியம் செய்யக் கையைத் தூக்கியபோது வடிவு பார்த்தாள். சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியின் முனை ஒன்று எட்டிப் பார்த்தது.

நேரம் கேட்டு அவரை இறக்கியிருக்கலாம். கேள்வியை மாற்றியிருக்கலாம். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கேட்க வந்ததையே கேட்டாள்.

"ஆயுத பூசை அன்னைக்கு ஒங்க கத்தரிய யாரெல்லாம் பார்த்தாங்க?"

(முடிவு, முதல் முயற்சி: மாயாண்டி துணியை உருவி மேசையில் போட்டார். நீதிபதி

இல்லை. அவர் அப்படிப்பட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது முயற்சி: மாயாண்டி நெஞ்சை நிமிர்த்தி, "தோட்டமே பார்த்துச்சுங்க!" என்றார். பின்வரிசை கைதட்ட

இதுவும் இல்லை. தன் பெயரைத் தானே அழித்துக்கொள்ளும் மனிதருக்கு இவ்வளவு சுலபமாகக் குரல் வந்துவிடுமா?)

5

இந்த இடத்தில் ரயில் கிளம்பிவிட்டது. ஹட்டனில் வடிவுக்கு ஒரு கல்யாண வீடு. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவரு என்னா சொன்னாரு?" என்றேன்.

"நீதானே எழுதுற ஆளு? கண்டுபிடி."

பிறகு போனிலும் கேட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை. அந்த ஒரு கணத்தில் அவள் கையில் எதுவுமே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது. அவளுடைய முழு வழக்கும், நெடுநாள் ஆசையும் ஒரு பெருமைக்காரரின் வாயில் இருந்தன. தெரிந்துதான் கேட்டாள். நானாக இருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

அவள் சட்டப்படி, ஊருக்குக் காட்டிவிட்டால் பிறகு அது காட்டியவருக்கு மட்டும் சொந்தமில்லை. நானும் இதை உங்களுக்குக் காட்டிவிட்டேன்.*

* கதைக்கு உள்ள சட்டம் வேறு, உளறாதே என்கிறாள் வடிவு. இருக்கட்டும்.

மாயாண்டி இன்னும் கூண்டில்தான் நிற்கிறார். விரல் துணியின் முனையில் இருக்கிறது. கண் பின்வரிசையில் இருக்கிறது. பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எழுதும்போது ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அந்தக் கத்தரியை இப்போது நீங்களும் பார்த்துவிட்டீர்கள்.