குடம் துலக்கிய தண்ணீர்

அந்தத் தண்ணீரில் நாற்றமே இல்லை. அதுதான் வினையாகப் போயிற்று. சாயப்பட்டறையில் இருபது வருஷம் ஆசிட் நெடியில் மூக்கு தீய்ந்துபோன தங்கவேலுவுக்கு முதலில் அது வரமாகத்தான் தெரிந்தது. இரண்டாயிரத்து எட்டில் பட்டறையைப் பூட்டிய பிறகு, முதலாளி செங்கோட்டையன் அதே ஷெட்டில் பழைய செல்போன் பேட்டரிகளை மூட்டை மூட்டையாக இறக்கினார். அவற்றைப் பிரித்தெடுத்த கறுப்புப் பொடியை எலுமிச்சை உப்பிலும், துணி வெளுக்கிற பெராக்சைடிலும் காய்ச்சினால் உள்ளே இருக்கிற கோபால்ட் என்ற உலோகம் கரைந்து வரும். கந்தக ஆசிட் வேண்டாம், புகை இல்லை. தங்கவேலுதான் மாஸ்டர்.

"ஓட்டல்ல ரசத்துக்குப் போடறதுதானுங்க அம்மிணி, குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது" என்று வேலைக்கு வந்த பெண்களிடம் சொன்னதும் அவர்தான். உப்பைப் பற்றிச் சொன்னது உண்மை. காய்ச்சிய பிறகு அதில் என்னென்ன கரைந்து கிடக்கிறது என்பதை மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. கையுறை வாங்கவேண்டிய தொல்லை விட்டது என்று முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

கோபால்ட்டை எடுத்தபின் மிஞ்சுகிற வெளிர்சிவப்புத் தண்ணீரைப் பெண்கள் கேனில் பிடித்துக்கொண்டு போனார்கள். பாத்திரம் துலக்க அதைப்போல ஒன்று கிடையாதாம். அவர்கள் குடியிருந்த வேலம்பாளையம் லைன் வீடுகளில் பித்தளையெல்லாம் புதுசாக மின்னியது. தங்கவேலு பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது, ஷெட்டில் வேலை செய்கிற விஜயராணியின் மகளுக்கு வாந்தி நிற்கவில்லை. அந்தத் தண்ணீரில் துலக்கிய குடம்தான் காரணமோ என்று விஜயராணி லைன் முழுக்கப் புலம்பிவிட்டாள். ஆறு பெண்கள் வேலைக்கு வரவில்லை.

"நேராப் போயி, அவ கண்ணு முன்னால அந்தக் கொடத்துல மோந்து ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுங்க. வாய மூடிக்குவா" என்றார் செங்கோட்டையன். அடுத்த வாரம் கோபால்ட் வாங்குகிற வெளிநாட்டு ஆட்கள் ஷெட்டைப் பார்க்க வருகிறார்கள். சுத்தமான தொழில் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். சுத்தமாம்! தங்கவேலுவுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. துப்பாமல் கிளம்பினார்.

விஜயராணி தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒற்றை அறையில் வாந்தி வாடை. ஏழு வயதுப் பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தது.

"அண்ணாச்சி, உள்ளயும் பளிச்சுன்னு ஆகட்டும்னு அந்தச் செவப்புத் தண்ணிய ராத்திரி முழுக்க ஊத்தி வச்சேன். கழுவிட்டுத்தான் நல்லதண்ணி புடிச்சேன். நேத்துலேருந்து பக்கத்து வீட்டுத் தண்ணி குடுக்கேன், கொஞ்சம் தேவல. இந்தக் குடத்தாலதான் வந்திருக்குமோ? வெவரம் தெரிஞ்சவுக, நீங்க சொல்லுங்க."

தங்கவேலு பாதித் தண்ணீர் இருந்த குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பித்தளை அரித்து, அடியில் பச்சையும் கறுப்புமாக ஒரு பிசுக்கு. ஷெட்டை மூடினால் ஐம்பத்து நாலு வயதில் எவன் வேலை கொடுப்பான்?

"தண்ணியில ஒண்ணுமில்லீங்க அம்மிணி" என்றார். ஒரு டம்ளர் மோந்து கடகடவென்று குடித்தார். செப்புக்காசை நாக்கில் வைத்த மாதிரி கசப்பு தொண்டை வரை இறங்கியது. சிரித்தும் காட்டினார். அந்தச் சிரிப்பு அவருக்கே அருவருப்பாக இருந்தது.

விஜயராணியின் முகம் தெளிந்துவிட்டது. "நாந்தான் கிறுக்கி மாதிரி அடுத்த வீட்டுல தண்ணிக்கு நிக்கேன்" என்றபடி அதே டம்ளரில் மோந்து, மகளின் தலையைத் தூக்கி உதட்டில் வைத்தாள்.

தங்கவேலு டம்ளரைத் தட்டிவிட்டார். பாயெல்லாம் தண்ணீர். பிள்ளை வீறிட்டது.

"குடுக்காதீங்க! அது வெசமுங்க!"

"இப்பத்தானே நீங்க குடிச்சீய?"

அவர் வெளியே ஓடி, சாக்கடை ஓரம் குந்தி, தொண்டைக்குள் விரலை விட்டார். சத்தம் கேட்டு லைன் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். விஜயராணி குடத்தைத் தூக்கி வந்து அவர் காலடியில் கவிழ்த்தாள்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க! ஒண்ணுமில்லன்னு சொன்ன வாயாலயே கக்குதாரு!"

தங்கவேலு நிமிர்ந்தார். வாயைக்கூடத் துடைக்கவில்லை.

"ஆமாங்க" என்றார். "எல்லாரும் கேன்ல இருக்கறதக் கொட்டீருங்க. எனக்கு மொதல்லயே தெரியும்."