ஹஸன் மச்சானின் இரத்தப் பட்டியல்

அறிவாளி வேலை பார்த்தேன். அதைச் சொல்லித் தொலைத்துவிடுகிறேன்.

கல்முனைக்குடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறேன். தங்கை ஸகியாவின் கணவர் ஹஸன், என் வகுப்பில் இருந்த லினக்ஸ் கம்ப்யூட்டரில், இரத்தம் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியலை வைத்திருந்தார். யாருடைய பெயர்ப் பட்டியலும் எவர் கையிலும் அகப்படக் கூடாத யுத்த காலம். அதனால் தானே ஒரு புரோகிராம் எழுதி, அது மட்டுமே வாசிக்கக்கூடிய விதமாகப் பெயர்களைப் பூட்டிவைத்தார். காகிதத்தில் ஒரு பெயரும் இல்லை.

இந்த வருசம், 1999 மார்ச்சில், மச்சான் மூளைக் காய்ச்சலில் மௌத்தானார். ஸகியா அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நாற்பதாம் நாள் கத்தம் ஓதிய அன்று அவருடைய பிளொப்பி டிஸ்க் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"அவர்ட பேரில படிக்கிற புள்ளையளுக்குக் குடுங்க காக்கா. நன்மை சேரட்டும்."

ஸதகா என்று தர்மம் கொடுப்பது சுத்தமாக இருக்க வேண்டாமா? முப்பது டிஸ்க்கையும் ஒவ்வொன்றாக அழித்து, வெறுமையாக்கிக் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து புதிய லினக்ஸ் சீடி வந்தது. கை சும்மா இருக்குமா? கம்ப்யூட்டரில் இருந்த பழைய லினக்ஸைத் துடைத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். மச்சானின் புரோகிராமையும் பட்டியலையும் முன்கூட்டியே பத்திரமாக எடுத்துவைத்துத் திரும்பப் போட்டேன். ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அதிலிருந்து பத்தாம் நாள் காலை ஸகியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளை பிறந்தது. இரத்தம் நிற்கவில்லை. ஓ நெகட்டிவ் வேண்டும். இருந்த ஒரு பையும் முடிந்து, மட்டக்களப்பிலிருந்து வர வேண்டியது சோதனைச்சாவடிகளைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. நான் வகுப்புக்கு ஓடினேன்.

புரோகிராமின் பெயரை அடித்தேன். அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது. இருக்கும் கோப்புகளைக் காட்டச் சொன்னேன். கண்ணெதிரே கிடக்கிறது. மறுபடி அடித்தேன். இல்லை.

அரை மணி நேரம் எழுத்துப் பிழை தேடினேன், மடையன். பிறகுதான் விளங்கியது. இல்லாதது புரோகிராம் அல்ல, அது ஓடுவதற்குத் தேவையான பழைய துணைக் கோப்புகள், லைப்ரரி என்பார்கள். புதிய லினக்ஸில் இருப்பது வேறு. பழையதும், மச்சான் கைப்பட எழுதிய புரோகிராமின் மூலமும் எங்கே இருந்திருக்கும்? நான் அழித்த அந்த முப்பது டிஸ்க்கில். புதிய லைப்ரரிக்குப் பழையதின் பெயரை வைத்து ஏமாற்றிப் பார்த்தேன். ஏமாறவில்லை.

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இருபது பேர் வந்தார்கள். ஒருவருடையதும் பொருந்தவில்லை. அஸர் தொழுகைக்கு முன்னரே ஸகியா மௌத்தானாள். பிள்ளை இருக்கிறது.

ஜனாஸாவை அடக்கிவிட்டு வரும்போது மூன்றாம் வீட்டு றஸாக் காக்கா என் கையைப் பிடித்தார்.

"பள்ளியில சொன்னதக் கேட்டன் தம்பி. என்ட ரெத்தத்தச் சோதிச்சு ஹஸன்தான் பதிஞ்சவர், என்ன வகையென்டு எனக்குத் தெரியா. தேவப்பட்டா கம்ப்யூட்டர் பேர் சொல்லும், வந்து கூப்பிடுவன் என்டும் சொன்னவர். சேட்டும் போட்டு வாசல்லயே இருந்தன். ஒருத்தரும் வரல்ல. அப்ப நம்மட வகை இல்லயாக்கும் என்டு இருந்திட்டன்."

"ஓம்" என்று மட்டும் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்துப் பழைய லைப்ரரி உள்ள சீடி வந்து சேர்ந்தது. வேண்டியிருந்தது இரண்டே இரண்டு கோப்பு. உரிய இடத்தில் வைத்தேன். புரோகிராம் உடனே ஓடியது. ஓ நெகட்டிவ் யார் என்று கேட்டேன். நான்கு பெயர் வந்தது. முதல் பெயர் றஸாக்.

மேசையில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன்.

நேற்று அவர் றோட்டில் மறித்துக் கேட்டார்.

"அந்த லிஸ்ட்டப் பாத்தீங்களா தம்பி? என்ட வகை என்ன?"

"அது இன்னும் ஓடல்ல காக்கா" என்றேன். "அதில உங்கட பேர் இருக்கா என்டே தெரியா."