வெள்ளைத் துணிக்கான பாட்டு

புருஷன் இறந்து முழுசாக ஒரு பகல் ஆகவில்லை. உடல் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தது. அவளோ லாண்டரிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சர்ச்சின் வெள்ளை மேசைவிரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கும் உறவுக்காரப் பெண்கள் என்ன வேண்டுமானாலும் நினைத்துவிட்டுப் போகட்டும். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

அண்ணன் குனிந்து உள்ளே வந்தார். கூடப் பிறந்தவர், சர்ச்சில் பாடகர் குழுவை நடத்துகிறவர். அடக்க ஆராதனைக்கான ஏற்பாடெல்லாம் அவர் பொறுப்பு.

“பாட்டு மூணு முடிவாயிடுச்சு. நீ கேட்டது மட்டும் முடியாதும்மா. இது லெந்து காலம். ஈஸ்டர் வரைக்கும் அல்லேலூயா வர்ற பாட்டே பாடக் கூடாது. உனக்குத் தெரியாததா?”

தெரியும். ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது தவ நாளும் மேசைக்கு ஊதாத் துணி, பூ கிடையாது, பாட்டெல்லாம் சிலுவையும் கண்ணீரும். அந்த ஊதாத் துணியைத் துவைத்துக் கொடுப்பதே இந்தக் கடைதான். அது சர்ச்சுக்குப் போன மறுநாளே அவள் புருஷன் ஈஸ்டருக்கான வெள்ளையைக் கையில் எடுத்துவிடுவார். மெழுகுக் கறை போக நாலு தடவை அலச வேண்டும், கஞ்சி போட வேண்டும். அந்த வேலைக்கு அவரிடம் ஒரே பாட்டுதான் உண்டு. கல்லறைக் கல் புரண்டு கிடக்கும் உயிர்த்தெழுதல் பாட்டு, வரிக்கு வரி அல்லேலூயா. சுருதிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒரு தடவை பாடகர் குழுவில் சேரப் போனவரை அண்ணன் நாசூக்காகத் திருப்பி அனுப்பினார். அதற்கும் சிரித்த மனுஷன். நேற்று ராத்திரி மூச்சு வாங்கிக்கொண்டே, “அழுமூஞ்சிப் பாட்டெல்லாம் வேணாம். நம்ம கடைப் பாட்டைப் பாடச் சொல்லு” என்றார். அவளும் சரியென்று தலையாட்டியிருந்தாள்.

“சாவு காலண்டர் பாத்தா அண்ணே வந்துச்சு?”

“முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? போதகரும் அதத்தான் சொல்றாரு. நாலு பேர் என்ன பேசுவாங்க?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறையாம். அழுக்கு நீங்க வேண்டும் என்று வாரம் தவறாமல் உருகி உருகிப் பாடுகிறார்களே, முப்பது வருஷமாக இவர்கள் அழுக்கை அடித்துத் துவைத்துக் காயப்போட்டவருக்கு ஒரு பாட்டு கிடையாதா? செத்தவர் எழுந்திருப்பார் என்று நிஜமாகவே நம்பினால், அதை இன்றைக்குச் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வதாம்?

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“போன வியாழக்கிழமை சர்ச்சுப் பக்கம் போனேன். உள்ள நீங்க எல்லாரும் அதே பாட்டைத்தானே பாடிட்டிருந்தீங்க?”

“அது ஈஸ்டருக்கு ஒத்திகைம்மா. இப்பவே பழகலேன்னா எப்படி?”

“ஒத்திகைன்னா பாடலாமா?”

“அது வேற, இது வேற.”

“அடக்கம் நாளன்னைக்கு. அதுவும் வியாழக்கிழமை. நாலு மணிக்குத்தானே ஒத்திகை?”

அண்ணன் புரியாமல் தலையாட்டினார்.

“அப்ப ஆராதனையை அஞ்சு மணிக்கு வெச்சுக்கலாம். நான் அவரைப் பெட்டியோட நாலு மணிக்கே கொண்டாந்து வெச்சிடறேன். நீங்க உங்க ஒத்திகையைப் பாருங்க. அவர் கேட்டுட்டுப் போகட்டும்.”

வியாழக்கிழமை நாலடிக்கும்போது சவப்பெட்டி சர்ச்சுக்குள் மேசைக்கு முன்னால் இருந்தது. மேசைமேல் ஊதாத் துணி. போதகர் இன்னும் வரவில்லை. பாடகர் குழு புத்தகங்களைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றது. அவள் மடித்துக் கொண்டுவந்த வெள்ளை விரிப்பை உதறிப் பெட்டியின் மேல் விரித்தாள். யாரும் தடுக்கவில்லை. ஓரத்தில் ஒரு சுருக்கம் கிடந்தது.

அண்ணன் கையை உயர்த்தினார். உயர்த்திய கை அப்படியே நின்றது. அவர் வாசல் பக்கம் பார்த்தார், பிறகு பெட்டியைப் பார்த்தார்.

அவள் காத்திருக்கவில்லை. உள்ளங்கையால் அந்தச் சுருக்கத்தை நீவிக்கொண்டே, கடையில் புருஷன் எடுப்பது போலவே, சுருதி சேராமல் முதல் வரியை எடுத்தாள். அண்ணனின் கை இன்னும் மேலேயே இருந்தது.