வடிவுக்குத் தெரியக் கூடாது

பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்களின் கொட்டுச் சத்தம் தெருமுனை தாண்டுவதற்குள், ஓட்டப்பிடாரத்திலிருந்து வந்திருந்த பிச்சம்மாள் சித்தி வடிவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏளா, மாசக்கணக்கா வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்குன்னு டாக்டரு சொன்னாராமே. ஒரே வீட்டுல கெடந்தவ, நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருந்தே?"

நேற்று ஆஸ்பத்திரியிலும் இதே கேள்விதான். வடிவின் புருஷன் சங்கரபாண்டியன் காப்பித்தூளைக் கரைத்ததுபோல் வாந்தி எடுத்து, பிறகு ரத்தமாகவே கக்கியபோது, "எத்தனை நாளா வெளிக்குக் கருப்பாப் போவுது?" என்று டாக்டர் அவளைத்தான் கேட்டார். "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னாள். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார். விடியற்காலையில் மூச்சு நின்றுபோனது.

அவளுக்கு எப்படித் தெரியும்? இந்தத் தெரு ஆண்கள் எல்லாரும் வெளிக்குப் போக உப்பளத்துக்கு அப்பால் உள்ள உடங்காட்டுக்குப் போகிறவர்கள். எந்தப் பெண்டாட்டி பின்னாலேயே போய்ப் பார்க்கிறாள்? முகம் வெளுத்ததும், நாலு எட்டு வைத்தால் மூச்சு இளைத்ததும் அவள் கண்ணுக்குப் பட்டது. கேட்டால், மண்டியில் வேலை ஜாஸ்தி என்பார். கருப்பட்டி மண்டியில் ருசி பார்ப்பதுதான் அவர் உத்தியோகம். உடன்குடிப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு சிப்பத்திலும் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்து, சீனி கலந்திருந்தால் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். ஊரார் சரக்கில் உள்ள கள்ளத்தையெல்லாம் சொன்ன வாய், கட்டினவளிடம் திறக்கவில்லை.

பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடியில் இசக்கியம்மாள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவருடைய அக்காள், ரெண்டு தெரு தள்ளி வீடு. மண்டியிலிருந்து திரும்பும்போது அங்கே ஒரு வாய் காப்பி குடிக்காமல் அவர் வந்ததே இல்லை.

"மதினி, ஒங்ககிட்டயாவது ஏதும் சொன்னாவளா?"

இசக்கியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"தாரு மாதிரி ஒட்டுது, நாத்தம் தாங்கலன்னு சொன்னான். மூணு மாசமிருக்கும். கருப்பட்டி திங்கவனுக்குக் கருப்பாத்தாம்ல போவும்னு நாந்தான் சொன்னேன்."

"பொறவு?"

"பொறவு ஒருநா எங்க வாசல்லயே கிறங்கி விழுந்துட்டான். ரோஸ் நர்சம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். கருப்பட்டி தின்னா இப்படிப் போவாது, உள்ள ரத்தம் வடியுது, இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கன்னு அந்தம்மா சத்தம் போட்டாங்க."

"எப்ப?"

"அம்மன் கோயில் கொடை கழிஞ்ச வாரம்."

அது கழிந்து நாற்பது நாளாகிறது. அந்த நாற்பது நாளும் வடிவு மிளகாயை அரைத்து ஊற்றி மீன் குழம்பு வைத்தாள். அவரும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல, மதினி?"

"அவன்தான் எங் கையப் புடிச்சி சத்தியம் வாங்கிட்டான். வயித்தக் கீறிருவாங்கன்னு அம்புட்டு பயம் அவனுக்கு. வடிவுக்குத் தெரிஞ்சா அந்த நிமிசமே இழுத்துட்டுப் போயி படுக்க வச்சிருவா, விடமாட்டான்னு சொன்னான்."

வடிவு தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவளால் ஒன்றும் ஆகாது என்று மறைத்திருந்தால்கூட மனது ஆறியிருக்கும். காப்பாற்றிவிடுவாள் என்று தெரிந்து மறைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன்மேல் அவளுக்கு இப்போது அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இத வெளிய விட்றாத, ஏளா. எனக்குக் கொலகாரிப் பட்டம் கட்டிருவாவ."

"இப்ப எனக்குக் கட்டுதாவளே."

இசக்கியம்மாள் காதில் விழாததுபோல் உள்ளே போனாள்.

நீர்மாலை திரும்பியது. ஆண்கள் அவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி சுற்றிக் கிடத்தினார்கள். பெண்கள் சூழ்ந்ததும் இசக்கியம்மாள் தம்பியின் காலில் விழுந்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த அக்கா தோள்ல தூக்கிட்டுப் போயிருப்பனே, தம்பி! ஒருத்தருக்கும் தெரியாம உள்ளயே வச்சிருந்துட்டியே!"

கூடியிருந்த அத்தனை பேரும் அழுதார்கள். பிச்சம்மாள் சித்தி மூக்கைச் சிந்தி, "கூடப் பொறந்தவ தவிக்கா பாரு" என்று சொல்லி, வடிவை ஒரு பார்வை பார்த்தாள்.

வாய்க்கரிசிப் பெட்டி வடிவின் கைக்கு வந்தது. அவள் மூன்று தடவை அரிசி அள்ளி அவர் வாயில் போட்டாள். பிறகு பெட்டியை இசக்கியம்மாளிடம் நீட்டினாள்.

"போடுங்க, மதினி. ஒங்கள நம்பித்தான் போயிருக்காவ."

இசக்கியம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது. அவள் கை பெட்டிக்குள் போனது. அரிசியை அள்ளவில்லை, வெளியேயும் வரவில்லை.

"நேரமாவுது, சுருக்கப் போடுங்கம்மா" என்று வாசலிலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள்.

வடிவு பெட்டியைத் தாழ்த்தாமல் நின்றுகொண்டிருந்தாள்.